ஆண்டு இறுதிப் பட்டியல்: நினைவை நம்புவதா, டப்பாவை நம்புவதா?

டிக்கெட்_டப்பா (திருச்சி), 30 டிசம்பர் 2018

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுதோறும் டிசம்பர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த பத்தை ஒரு தாளில் எழுதி வைப்பது என் வழக்கம். படம், பாட்டு, புத்தகம், மேடைக் கச்சேரி என்ற பாகுபாடு கிடையாது. பத்து வேண்டும், அவ்வளவுதான். இன்று காலை, காபி ஆறுவதற்குள் இந்த ஆண்டுப் பட்டியல் முடிந்துவிட்டது. அத்தனை சுலபமாக முடிந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'மேற்குத் தொடர்ச்சி மலை', 'செக்கச் சிவந்த வானம்', 'பரியேறும் பெருமாள்', '96', 'ராட்சசன்', 'வட சென்னை' என்று ஆறு படங்கள். 'கோலமாவு கோகிலா'வில் யோகி பாபு நயன்தாராவை எண்ணி உருகும் 'கல்யாண வயசு' பாட்டு ஏழாவது. சென்ற வாரம் வெளிவந்த 'கனா'வும், 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி'யும் எட்டும் ஒன்பதும். பத்தாவது இடத்தில் எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்'. இம்மாதம் அதற்குச் சாகித்ய அகாதமி விருது அறிவிக்கப்பட்ட பிறகே, வாங்கிப் பல மாதங்களாகப் பிரிக்காமல் வைத்திருந்த அந்த நாவலைப் படித்தேன். நாகஸ்வரக் கலைஞர்களின் வாழ்க்கையை இத்தனை நெருக்கத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அது 2014ஆம் ஆண்டில் வெளிவந்த நூல். அதை இவ்வாண்டுப் பட்டியலில் சேர்க்கலாமா என்ற குழப்பம் தனியாக இருக்கிறது.

பெரிய குழப்பம் வேறு. பத்தில் ஏழு, ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 17 வரையிலான இரண்டே மாதங்களுக்குள் வந்தவை. மீதி மூன்றும் டிசம்பருக்கு உரியவை. அப்படியானால் ஜனவரி முதல் ஆகஸ்ட் பாதி வரை நான் எதையுமே ரசிக்கவில்லையா?

பார்த்த படங்களின் டிக்கெட்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பேன் என்பதால் அதை எடுத்துக் கொட்டினேன். வணிக வளாகத் திரையரங்குகள் தரும் வழவழப்பான தாளில் எழுத்தே இல்லை. அதில் அச்சாவது மை அன்று, சூட்டினால் கறுக்கும் தாள். சில மாதங்களில் வெளுத்துவிடும் என்பது எனக்கு இப்போதுதான் தெரிந்தது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் ஒன்றிரண்டில் நாற்காலி எண் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பழைய கொட்டகையில் கிழித்துத் தரும் ரோஸ் நிறத் துண்டுகள் மட்டும் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் அவற்றில் வகுப்பும் கட்டணமும் வரிசை எண்ணும் உண்டே தவிரப் படத்தின் பெயர் கிடையாது.

உங்களில் பலர் இத்தகைய பட்டியல் போடுகிறவர்கள் என்று அறிவேன். நீங்கள் டிசம்பரில் நினைவில் நிற்பதை எழுதுகிறீர்களா, அவ்வப்போது குறித்து வைத்ததைப் பார்த்து எழுதுகிறீர்களா? இரண்டும் முரண்பட்டால் எதை நம்புகிறீர்கள்?

நெல்லை_வழக்கு (திருநெல்வேலி), 30 டிசம்பர் 2018

அண்ணா, உங்கள் நினைவின் மீது நீங்கள் சுமத்தும் குற்றத்தில் பாதியை நான் தள்ளுபடி செய்கிறேன். இந்த ஆண்டின் திரைப்பட நாட்காட்டியே அப்படித்தான் அமைந்தது. டிஜிட்டல் திரையிடலுக்கு வசூலிக்கப்பட்ட கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் மார்ச் 1 முதல் புதிய படங்களை நிறுத்தியது. ஏறத்தாழ ஐம்பது நாள் தமிழகத்தில் புதுத் தமிழ்ப்படமே இல்லை. ஏப்ரல் 20 அன்று தடை நீங்கியபின் முதலில் வந்தது கார்த்திக் சுப்புராஜின் 'மெர்க்குரி', அதிலும் வசனம் கிடையாது. ஏப்ரல் 27இல் வரவேண்டிய 'காலா' ஜூன் 7க்குத் தள்ளிப்போனது. அணை போட்ட தண்ணீர் ஒரு கட்டத்தில் மடை திறந்துதானே ஆக வேண்டும்? செப்டம்பர் 27, 28, அக்டோபர் 4, 5, 17 ஆகிய தேதிகளில், அதாவது மூன்று வாரத்துக்குள், உங்கள் பட்டியலின் ஐந்து படங்கள் வந்திருக்கின்றன. மூன்று வாரத்தில் ஐந்து நல்ல படம் என்பது நமக்கு எந்த ஆண்டும் வாய்க்கிற காரியமா?

மீதிப் பாதியைப் பற்றிச் சொல்கிறேன். படம் பார்த்த அன்று இரவே மூன்று வரி எழுதி வைப்பது என் பழக்கம், மதிப்பெண் போடுவதில்லை. 'பரியேறும் பெருமாள்' பார்த்த இரவில், 'சட்டக் கல்லூரிக் காட்சிகள் உண்மை. கருப்பிக்காக அழுதேன். அப்பா வரும் காட்சியை இன்னொரு முறை பார்க்க முடியாது' என்று எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் கழித்து '96' பார்த்துவிட்டு ஒரு பக்கம் முழுவதும் எழுதித் தள்ளியிருக்கிறேன். மின்சாரம் போன இருட்டில் ஜானு 'யமுனை ஆற்றிலே' பாடத் தொடங்கும் இடம், விளக்கைத் தேடி ஓடிவரும் ராமின் தவிப்பு, கோவிந்த் வசந்தாவின் வயலின் என்று வரிக்கு வரி ஒரே புகழ்ச்சி. அந்த வாரம் கேட்டிருந்தால் ஆண்டின் முதலிடம் '96'க்கே என்று சத்தியம் செய்திருப்பேன்.

இப்போது கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன். '96'இன் பாடல்களை நான் இன்றும் கேட்கிறேன், ஆனால் படத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து நாளாகிவிட்டது. 'பரியேறும் பெருமாள்' அப்படியில்லை. முடிவில் மேசை மீது இரண்டு தேநீர்த் தம்ளர்களும் நடுவே ஒரு பூவும் மட்டும் திரையில் நிற்குமே, அதன் பிறகு எங்கள் ஊர்த் திரையரங்கில் எழுந்து நின்றவர்கள் கூட நடக்காமல் அப்படியே நின்றார்கள். கல்லூரிக்குப் பக்கத்துக் கடையில் தேநீர்த் தம்ளரைக் கீழே வைக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. குறிப்பேட்டில் அந்தக் காட்சியைப் பற்றி ஒரு சொல் கூட இல்லை. ஆகவே குறிப்பேட்டையும் முழுதாக நம்பாதீர்கள். அன்றிரவு எது சத்தமாக இருந்ததோ அதைத்தான் அது பிடித்து வைத்திருக்கும்.

காவிரிக்கரை_வாசகி (கும்பகோணம்), 31 டிசம்பர் 2018

தம்பிகள் இருவரும் வெளியீட்டுத் தேதியையே கட்டிக்கொண்டு பேசுகிறீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியையான எனக்கு, ஒரு படைப்பு எந்த ஆண்டில் பிறந்தது என்பதைவிட எந்த ஆண்டில் என் வீட்டுக்கு வந்தது என்பதே கணக்கு. 'சஞ்சாரம்' நாவலைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் ஆண்டு மே மாதத்தில்தான் தொடங்கியது. கீர்த்தி சுரேஷ் சாவித்திரியாக நடித்த 'நடிகையர் திலகம்' படத்துக்கு, எண்பத்து மூன்று வயதான என் தாயாரை அழைத்துச் சென்றேன். திரையரங்குக்கு அவர் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, 'அந்தப் புடவை இப்படி இருக்காது', 'சிரிப்பு சரியாக வந்திருக்கிறது, நடை வரவில்லை' என்று என் காதருகே திருத்தம் சொல்லிக்கொண்டே வந்தார். முன் வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை, 'பாட்டி, சற்று உரக்கச் சொல்லுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்' என்றார். 'மாயா பஜார்' காட்சியை அதில் மறுபடியும் எடுத்துக் காட்டியிருந்தார்கள் அல்லவா? அது வந்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அசல் படத்தைப் போடச் சொன்னார். 1957ஆம் ஆண்டுப் படத்தை ஒரு கைப்பேசித் திரையில் இருவரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு பார்த்தோம். வத்சலாவின் உருவெடுத்து வந்திருக்கும் கடோத்கஜனாகச் சாவித்திரி நடிக்கிறார்: முகம் பெண்ணுடையது, தோளும் கையும் மீசை முறுக்குகிற ஆணுடையவை, அடுத்த நொடியில் யாரோ வர, மறுபடியும் வெட்கப்படும் மணப்பெண். அதன் பிறகு ஜூன், ஜூலை முழுவதும் எங்கள் வீட்டில் வாரம் ஒரு சாவித்திரி படம். 'பாசமலர்' வந்த வாரம் மட்டும், அழ முடியாது என்று அம்மாவே தள்ளி வைத்துவிட்டார். 2018இல் எனக்குப் பிடித்த நடிகை யார் என்று கேட்டால் சாவித்திரி என்றுதான் எழுதுவேன். இதற்குக் குறிப்பேடும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம்.

மஞ்சள்_சட்டை (சென்னை), 31 டிசம்பர் 2018

ஏப்ரலில் எதையும் ரசிக்கவில்லை என்று எழுதியவருக்கு என் கண்டனம். இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வந்த மாதம் அது. சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. காவிரிப் போராட்டத்தை ஒட்டி மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன. மே 27 அன்று இறுதியாட்டத்தில், முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டம் கூட எடுக்காமல் எங்கள் வீட்டாரின் வசவுகளை வாங்கிய வாட்சன், கடைசியில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்துக் கோப்பையை வாங்கித் தந்தார். புதுப்படம் இல்லாத ஐம்பது நாளை நான் கவனிக்கவே இல்லை. என் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது அந்தப் பதினோராவது பந்து.

கானா_ரசிகன் (சென்னை), 1 ஜனவரி 2019

டிக்கெட் டப்பா ஐயாவின் முறையில் வேறொரு ஓட்டையும் இருக்கிறது. சென்ற ஆண்டு ஜனவரி 6 அன்று மாலை, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அதற்குப் போக நான் டிக்கெட் எதுவும் வாங்கவில்லை, ஆகவே எந்த டப்பாவிலும் அதற்குச் சாட்சி கிடையாது.

ஒரே மாதிரிக் கோட்டும் சூட்டும் அணிந்த கலைஞர்கள் மேடையேறினார்கள். மரண வீட்டு வாசலிலும் கல்யாணத்துக்கு முந்திய இரவிலும் மட்டுமே நான் கேட்டிருந்த கானா, மின் கித்தாரோடும் பறையோடும் சேர்ந்து பெரிய ஒலிபெருக்கிகளில் வந்தது. இட ஒதுக்கீடும் சாதியும் பாட்டுக்குப் பொருளாயின. எனக்கு அருகே நின்றிருந்த ஒரு பெரியவர் முதல் இரண்டு பாட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்; பறை தனியாக ஒலித்த இடத்தில் கையை அவிழ்த்துத் தொடையில் தாளம் போடத் தொடங்கினார்.

திரைப்படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்த்து அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளலாம். அந்த மாலையை நான் மறுபடி பார்க்க வழியில்லை. பிற்பாடு இணையத்தில் காணொளிகள் வந்தன, பார்த்தேன். பெரியவர் அவற்றில் இல்லை. இருந்தும், உங்கள் கேள்வியைப் படிக்கும் வரை இதுவே கடந்த ஆண்டின் நிகழ்ச்சி என்பது எனக்கும் மறந்துதான் போயிருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 2018 என்றதும் எனக்கும் முதலில் 'வட சென்னை'தான் வாயில் வந்தது.

டிக்கெட்_டப்பா (திருச்சி), 2 ஜனவரி 2019

எல்லோருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து பட்டியலை மாற்றினேன். 'செக்கச் சிவந்த வானம்' வெளியே போனது. பார்த்த இரண்டு மணி நேரமும் விறுவிறுப்பாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. 'காலா' உள்ளே வந்தது. 'ராட்சசன்' தப்பித்தது, காரணம் ஒன்றும் பெரிதில்லை, இன்றுவரை பொம்மைத் தலை இருக்கும் கடையைத் தாண்டும்போது என் மகள் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

முதலிடத்துக்கு 'மேற்குத் தொடர்ச்சி மலை' ஏறியது. நெல்லைத் தம்பி சொன்னது சரி, பார்த்த அன்று அது மெதுவாகப் போகிறது என்று வீட்டில் முணுமுணுத்தேன். ஏலக்காய் மூட்டையைத் தலையில் சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமி, ஒரு துண்டு நிலம் வாங்குவதற்காகவே படம் முழுக்க நடக்கிறான். முடிவில் காற்றாலைகள் சுழலும் அதே நிலத்தில் காவலாளியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். பொங்கலுக்குப் பொருள் வாங்கக் கடைக்குப் போய், ஏலக்காய் விலையைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நின்றேன். கடைக்காரர் விலை அதிகம் என்று நினைத்துக்கொண்டு பத்து ரூபாய் குறைத்தார்.

இனிமேல் டிக்கெட்டின் பின்புறத்தில் பேனாவால் படத்தின் பெயரையும் தேதியையும் எழுதி வைப்பதாக இருக்கிறேன். டிக்கெட் இல்லாதவற்றுக்கு வெற்றுத் தாள் ஒன்றை வெட்டிப் போடுவேன்.

டிக்கெட்_டப்பா (திருச்சி), 29 டிசம்பர் 2019

இந்த ஆண்டுப் பட்டியலுக்காக உட்கார்ந்தபோது பழைய இழையைத் தேடி எடுத்தேன். 2018ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகள் ஆகஸ்ட் 9 அன்று அறிவிக்கப்பட்டன. கீர்த்தி சுரேஷுக்குச் சிறந்த நடிகை விருது கிடைத்ததைக் கும்பகோணத்து அம்மையாரின் தாயார் என்ன சொன்னார் என்று அறிய ஆவல். நடை வரவில்லை என்று இன்னமும் சொல்கிறாரா?

சிறந்த தமிழ்ப்படத்துக்கான விருது, நாம் ஐந்து பேரும் சண்டையிட்ட எந்தப் படத்துக்கும் போகவில்லை. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' அதைப் பெற்றது. முதியவர்களைத் தலைக்கூத்தல் என்ற பெயரில் சாகடிக்கும் வழக்கத்தைப் பற்றிய படம் என்பதால் நான் உடனே பார்க்க விரும்பினேன், ஆனால் அது இன்னும் திரையரங்குகளுக்கு வரவில்லை. 2018ஆம் ஆண்டுத் தாளில் பதினோராவதாக ஒரு வரியைக் கோடு போட்டுக் காலியாக வைத்திருக்கிறேன். படம் வந்ததும் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.