பூனையோட இதயத்துல சின்ன ரத்தக்குழாய் தடிச்சிருந்துச்சாம், எக்கோ ஸ்கேன்ல ஏன் தெரியல?

மிட்டு_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். எழுத கையே வரல, ஆனா கேக்காம இருக்கவும் முடியல. எங்க மிட்டு, 6 வயசு, சாதாரண நாட்டுப் பூனைதான், போன மாசம் போயிட்டான். அன்னிக்கு ராத்திரி நல்லா சாப்பிட்டான், விளையாடினான், கட்டில்ல இருந்து குதிச்சான், ரெண்டு அடி வச்சான், இதுவரைக்கும் நான் கேட்டதே இல்லாத ஒரு குரல்ல கத்தினான், அவ்ளோதான். கூடைய எடுக்கிறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

காரணம் தெரிஞ்சே ஆகணும்னு போஸ்ட்மார்ட்டம் பண்ணச் சொன்னோம். நேத்துதான் ரிப்போர்ட் வந்துச்சு. இடது கீழறைச் சுவர் தடிப்பு, எச்சிஎம்னு (இதயத் தசை தடிச்சுப் போற நோயாம்) போட்டு, அதுக்குக் கீழ "இதயத் தசைக்குள்ள ஓடுற சின்னத் தமனிகளோட சுவர் தடிச்சு உள்வழி சுருங்கியிருக்கு, அங்கங்க தழும்பு"ன்னு இருக்கு. இந்த வரிதான் எனக்குப் புரியல. 7 மாசம் முன்னாடி தடுப்பூசி போடப் போனப்போ இதயத்துல ஏதோ சத்தம் கேக்குதுன்னு எக்கோ எடுத்தாங்க, சுவர் 5.8 மில்லிமீட்டர், பார்டர்ல இருக்கு, மேலறை நார்மல், ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எக்கோ தப்பா? அடைப்பு அப்பவே தெரிஞ்சிருந்தா மனுஷங்களுக்குப் பண்ற மாதிரி ஏதாச்சும் பண்ணிருக்கலாமா? நான் போட்ட சாப்பாட்டுல கொழுப்பு ஜாஸ்தியா? கூடப் பிறந்த சுண்டு வீட்டுலதான் இருக்கான், அவன் குதிச்சாலே எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது.

பஞ்சு_வீடு:
அக்கா, படிச்சதும் கண்ணு கலங்கிருச்சு. எங்க வீட்டுலயும் எச்சிஎம் பூனை ஒண்ணு இருக்கு, நாலு வருஷமா பாத்துக்கிறோம். ரிப்போர்ட் பத்தி டாக்டர்ங்க யாராச்சும் சொல்லட்டும், நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன், இன்னிக்கே ஆரம்பிங்க. சுண்டு நல்லா தூங்கும்போது அவன் விலாவைப் பாத்து மூச்ச எண்ணுங்க. ஏறி இறங்கினா ஒண்ணு. 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க. 30க்குக் கீழ இருந்தா சரி. திரும்பத் திரும்ப 30ஐத் தாண்டினா அன்னிக்கே தூக்கிட்டுப் போங்க. நாய் மாதிரி இருமும்னு காத்திருக்காதீங்க, இதயக் கோளாறுல பூனை பெரும்பாலும் இருமாது, ஒரு மூலையில போய் ஒடுங்கி உக்காந்துக்கும், அதத்தான் நாம "இன்னிக்கு அமைதியா இருக்கான்"னு நினைச்சுக்கிறோம்.

வெட்_தோழன்:
நான் கால்நடை மருத்துவர். முதல்ல உங்க கேள்விக்கு நேராவே பதில் சொல்லிடறேன்: எக்கோ தப்பு இல்ல, சாப்பாடும் காரணம் இல்ல.

மனுஷங்களுக்கு மாரடைப்பு வர்றது பெரும்பாலும் இதயத்து மேல ஓடுற பெரிய குழாய்ல கொழுப்பு படிஞ்சு அடைக்கிறதால. பூனைக்கு அந்த மாதிரி வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். மிட்டுவுக்கு இருந்தது வேற. பெரிய குழாய்ல இருந்து கிளை பிரிஞ்சு தசைக்குள்ளயே புகுந்து போற பொடிக் குழாய்கள், அதோட சுவர்ல இருக்கிற தசை செல்லும் நாரும் பெருகிப் பெருகி நடுவுல ரத்தம் போற வழி ஊசித்துளையா சுருங்கிடும். எச்சிஎம் இருக்கிற பூனைகள்ல இது நிறையவே பாக்குறதுதான். மைக்ராஸ்கோப்புல சாயம் போட்டுப் பாத்தா நல்ல தசை சிவப்பாவும் தழும்பு நீலமாவும் தெரியும், அந்த நீலத் திட்டுக்குப் பக்கத்துலயே சுவர் தடிச்ச குழாய் ஒண்ணு உக்காந்திருக்கும். ரத்தம் பத்தாம அந்த இடத்துத் தசை செத்து, செத்த இடம் நாரா மாறிடுதுன்னு அர்த்தம்.

இதுல இன்னொண்ணும் இருக்கு. இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் போறது இதயம் தளரும்போதுதான், சுருங்கும்போது இல்ல. பூனை ஓடிக் குதிக்கும்போது துடிப்பு ஏறும், தளர்ற நேரம் குறையும், அதே நேரத்துல தசைக்குத் தேவை கூடும். குழாய் நல்லா இருந்தா சமாளிச்சிடும். வழி ஏற்கெனவே சுருங்கிப் போயிருந்தா முடியாது. அதோட தழும்பு வழியா மின்சாரம் ஒழுங்கா ஓடாது, துடிப்பு தாறுமாறாயிடும். மிட்டு குதிச்ச உடனே விழுந்ததுக்கு இதுதான் காரணமா இருக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு. ரெண்டு நிமிஷத்துல யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது அக்கா, இத ஆறுதலுக்காகச் சொல்லல.

எக்கோவுல சுவர் எவ்ளோ தடிப்பு, மேலறை எவ்ளோ பெருசு, ரத்தம் எப்படி ஓடுதுன்னு தெரியும். இந்தப் பொடிக் குழாய் தெரியாது, தசையை வெட்டி ஸ்லைடு போட்டாதான் தெரியும். உயிரோட இருக்கிற பூனைக்கு அதப் பண்ண முடியாதே. ஸ்டென்ட், பைபாஸ்னு யோசிக்கவும் வழி இல்ல, ஏன்னா அடைப்பு ஒரு இடத்துல இல்ல, தசை முழுக்கப் பரவிக் கிடக்கு. 6 மில்லிமீட்டர் தாண்டினா தடிப்புன்னு சொல்லுவோம், 5.8 நடுவாந்தரம், மேலறையும் நார்மல்னா ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னுதான் நானும் சொல்லியிருப்பேன்.

சுண்டு விஷயத்துக்கு வர்றேன். எச்சிஎம் குடும்பத்துல ஓடலாம், அதனால அவனுக்குக் கட்டாயம் எக்கோ பாருங்க. ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேக்கும்போது இதயத்துல சத்தம் இல்லன்னா நோய் இல்லன்னு விட்டுடாதீங்க, சத்தமே இல்லாத எச்சிஎம் பூனைகள் நிறைய. கூடவே ரத்த அழுத்தமும், வயசாக ஆக தைராய்டும் பாக்கச் சொல்லுங்க, அது ரெண்டும் கூடினா இதயச் சுவரைத் தடிக்க வைக்கும், அதுக்கு மருந்தும் இருக்கு. ஜீன் டெஸ்ட் பத்திக் கேப்பீங்க, மெய்ன் கூன் இனப் பூனைக்கு 2005லயும் ராக்டால் இனப் பூனைக்கு 2007லயும் ஜீன் மாற்றம் கண்டுபிடிச்சாங்க, நாட்டுப் பூனைக்கு அந்த டெஸ்ட்ல நெகட்டிவ் வந்தா நிம்மதியா இருக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஒருவேளை சுண்டுவுக்கு இருக்குன்னு வந்தா, மயக்க மருந்து, ஸ்டீராய்டு ஊசி, டிரிப்ஸ் எது போடுறதா இருந்தாலும் அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட இதச் சொல்லிடுங்க, மறைஞ்சிருக்கிற இதய நோய் அந்த மாதிரி நேரத்துலதான் நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிட்டு வெளிய வரும்.

கருப்பி_அண்ணன்:
டாக்டர் சொன்னதோட இதையும் சேத்துக்கோங்க. எங்க கருப்பிக்கு மேலறை பெருசாகி உள்ள ரத்தம் கட்டி, அந்தக் கட்டி நகர்ந்து போய் பின்னங்காலுக்குப் போற குழாயை அடைச்சிருச்சு. திடீர்னு ஒரே அலறல், பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு வந்துச்சு. தொட்டா கால் ஜில்லுன்னு இருந்துச்சு, பாதத்து அடி நீலம் பாரிச்சிருந்துச்சு, முன்னங்கால் சூடா ரோஸ் கலர்ல. நாங்க எங்கேயோ விழுந்து கால் ஒடிஞ்சிருச்சுன்னு நினைச்சு வீட்டுலயே ஒரு மணி நேரத்த விட்டோம், அது இன்னும் உறுத்துது. அப்படி எதாச்சும் பாத்தா தேய்க்காதீங்க, ஒத்தடம் குடுக்காதீங்க, வலிக்குதேன்னு பாராசிட்டமால் குடுத்துடவே குடுக்காதீங்க, பூனைக்கு அது விஷம், அப்படியே தூக்கிட்டு ஓடுங்க. கருப்பி பொழைச்சு இப்போ ரத்தம் கட்டாம இருக்க குளோபிடோக்ரெல் சாப்பிடுது, 75 மில்லிகிராம் மாத்திரைல கால் பங்கு, தினம் ஒரு தடவை. பயங்கர கசப்பு, நேரா குடுத்தா வாயெல்லாம் நுரை தள்ளும், காலி கேப்ஸ்யூல்குள்ள போட்டுக் குடுக்கிறோம்.

மிட்டு_அக்கா:
எல்லாருக்கும் நன்றி, டாக்டர் எழுதினத நாலு தடவை படிச்சேன், வீட்டுக்காரர்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். சாப்பாடு காரணம் இல்லன்னு படிச்சப்புறம்தான் ராத்திரி கொஞ்சம் தூக்கம் வந்துச்சு. சுண்டுவுக்கு வர்ற வாரம் எக்கோ போட்டிருக்கோம். மூச்சு எண்ணினேன், மொத தடவை 22, அப்புறம் 24, ஆனா மடியில இருக்கும்போது 38 வந்துச்சு, கை காலெல்லாம் ஓடல. அப்போ அவன் உர்ருன்னு சத்தம் போட்டுட்டு இருந்தான். அது கணக்குல வருமா? தடிப்பு இருக்குன்னு வந்தா மருந்து உண்டா?

வெட்_தோழன்:
உர்ருன்னு இருக்கும்போது எண்ணினது கணக்குல வராது, மீசையும் காலும் துடிச்சுக் கனவு காணும்போது எண்ணினதும் வராது. அசையாம தூங்கும்போது எண்ணினது மட்டும்தான். 22, 24 நல்ல நம்பர்.

மருந்து பத்தி: அட்டெனோலால் துடிப்பைக் குறைக்கும், ரத்தம் வெளிய போற வழி அடைபடுற பூனைகளுக்குக் குடுக்கிறோம், ஆனா ஆயுசைக் கூட்டுதுன்னு நிரூபணம் இல்ல. மேலறை பெருசானாதான் குளோபிடோக்ரெல், நுரையீரல்ல தண்ணி வந்தாதான் அத வெளியேத்துற ஃபுரோசமைடு. அறிகுறி வராத கட்டத்துல வாரம் ஒரு தடவை குடுக்கிற ராபமைசின் மாத்திரைக்கு 2025ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நிபந்தனையோட அனுமதி குடுத்திருக்கு, தடிச்ச சுவருக்குன்னே வந்திருக்கிற மருந்து அது, எல்லா பூனைக்கும் ஒத்துக்காது, சர்க்கரை நோயும் ஈரல் கோளாறும் இருக்கிற பூனைக்குக் குடுக்கக் கூடாது. இப்போதைக்கு இதெல்லாம் மனசுல ஏத்திக்காதீங்க, மொதல்ல எக்கோ வரட்டும். போகும்போது மிட்டுவோட ரிப்போர்ட்டையும் கையோட எடுத்துட்டுப் போங்க, அந்தச் சின்னத் தமனி வரிய டாக்டர்கிட்ட காட்டுங்க, கூடப் பிறந்தவனுக்கு இப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சா, சுண்டுவுக்கும் 5.8 மாதிரி பார்டர்ல வந்தா அத அவர் பாக்குற விதமே வேற மாதிரி இருக்கும், ஒரு வருஷம்னு சொல்லாம ஆறு மாசத்துலயே வரச் சொல்லுவார்.