புகையிலை இல்லாப் பள்ளி: பலகை மாட்டியாச்சு, பலனை எப்படி அளப்பது?

தென்றல்:
ஒரு ஒன்றியத்தில் 6 மேல்நிலைப் பள்ளிகளில் புகையிலைத் தடை வந்து ஒரு வருஷம் ஆகிறது. சுயமதிப்பீட்டுப் படிவத்தில் ஆறுமே தங்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டிருக்கின்றன. மாணவர்களிடம் சர்வே எடுத்தால் போதுமா? பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறார்களே, அதை எங்கிருந்து அளக்கணும்?

களநோக்கர்:
100 கெஜம் என்பது 91.44 மீட்டர். கேட்டிலிருந்து இல்லை, சுற்றுச்சுவரின் வெளி ஓரத்திலிருந்து நேர்கோட்டில். ரோட்டு வளைவோடு அளந்தால் 110 மீட்டர் காட்டும் பெட்டிக்கடை, நேரே பார்த்தால் 70-லேயே இருக்கும். போன் மேப்பை நம்பினால் இன்னொரு வம்பு: புள்ளி கட்டடத்து நடுவில் விழும், பெரிய மைதானம் உள்ள பள்ளியில் வட்டம் சுவரைக்கூடத் தாண்டாது. 30 மீட்டர் டேப்பை மூன்று முறை போட்டு, மேலே 1.44 சேருங்கள். 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தடுப்பது விற்பனையை. கடை இருந்தாலே மீறல் என்று எழுதிவிடாதீர்கள், சரக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

வேம்பு:
சொல்லிவிட்டுப் போனால் கூட்டிப் பெருக்கிய வளாகத்தைத்தான் பார்ப்பீர்கள். கழிப்பறைப் பின்புறம், தண்ணீர்த்தொட்டி அடி, சைக்கிள் ஷெட், ஆசிரியர்கள் வண்டி நிறுத்துமிடம் என்று இடங்களை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பீடி, சிகரெட் துண்டுகளைச் சுத்தமாகப் பொறுக்கி எடுத்துவிட்டு, பெருக்குபவரிடம் அந்த இடங்களை மட்டும் விடச் சொல்லி, 7 நாள் கழித்து எண்ணுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பழைய துண்டும் புதிய துண்டும் கலந்துவிடும். பீடி, சிகரெட், காலிப் பாக்கெட் தனித்தனி. உதட்டுக்குள் அடக்கும் சின்னப் புகையிலைப் பைக்குப் புகையும் இல்லை, எச்சில் கறையும் அவ்வளவாக இருக்காது. குப்பைத்தொட்டியைக் கிளறினால்தான் தெரியும். ஆசிரியர்கள் நிறுத்துமிடத்தை விட்டுவிட்டால் மதிப்பீடே அரைகுறை.

மாதிரிக்கணக்கு:
சர்வேயில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2019 தேசிய இளையோர் ஆய்வில், 13–15 வயதில் தற்போது புகையிலை பயன்படுத்துவோர் 8.5%. அதை 5%-க்கு இறக்கியதாகக் காட்ட, ஒவ்வொரு தரப்பிலும் (தடை உள்ள பள்ளிகள், இல்லாத பள்ளிகள்) சுமார் 800 பேர் வேண்டும் (80% திறன், அதாவது உண்மையான குறைவைப் பிடிக்கும் வாய்ப்பு; 5% பிழை, அதாவது இல்லாத குறைவை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு). அதுவும் தனித்தனி ஆட்களாக எடுத்தால். ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாதிரி இருப்பார்கள் இல்லையா? பள்ளிக்கு 30 பேர், உள்ளொற்றுமை (ஒரே பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு) 0.02 என்றால் பெருக்கல் எண் 1 + 29 × 0.02 = 1.58. எண்ணிக்கை 1,270 பக்கம் போகும், அதாவது தரப்புக்கு 40 பள்ளிக்கு மேல்.

படிவத்தில் பெயர், வரிசை எண் கூடாது. வகுப்பாசிரியர் வெளியே நிற்கணும்; விடைத்தாளை மாணவரே உறையில் போட்டு ஒட்டணும். அன்று வராதவர்களை எண்ணி வையுங்கள், புகைக்கும் பையன்கள் அந்தப் பட்டியலில் அதிகம் இருக்க வாய்ப்புண்டு.

தென்றல்:
அப்போ 6 பள்ளியை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாதா? தடைக்கு முன் எடுத்த முன்னளவும் கிடையாது.

மாதிரிக்கணக்கு:
பழக்கம் குறைந்தது என்று சொல்ல முடியாது. விதி நடக்கிறதா என்று சொல்லலாம். "கடந்த 30 நாளில் பள்ளிக்குள் யாராவது புகைத்துப் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். ஒருவர் பிடித்தால் பத்துப் பேர் பார்ப்பதால், இந்த விகிதம் சீக்கிரம் அசையும். தடை இன்னும் தொடங்காத பக்கத்துப் பள்ளிகள் இருந்தால் இரண்டு மூன்றில் அதே வாரம் அதே கேள்வியைக் கேளுங்கள். முன்னளவு இல்லாத குறைக்கு அதுதான் கைகொடுக்கும், முழுசாக இல்லாவிட்டாலும்.

வேம்பு:
மாலை 4 மணிக்கு 91 மீட்டருக்கு அப்பால் உள்ள டீக்கடையையும் ஒரு எட்டுப் பாருங்கள். உள்ளே துண்டு குறைந்து அங்கே கூடியிருந்தால், நீங்கள் அளந்தது இடமாற்றத்தை.