பனிச்சறுக்கு சீசன் பாஸ்: விலை ஏறிக்கொண்டே போகிறது, இந்த ஆண்டும் புதுப்பிக்கலாமா?

கேள்வி – மலையடிவாரம்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டென்வருக்கு அருகில் வசிக்கிறோம். நானும் மனைவியும், வரும் கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்குப் போகும் மகளும், மூன்றாம் வகுப்புக்குப் போகும் மகனும் என நான்கு பேர். ஒரு முறை பணம் கட்டினால் பருவம் முழுவதும் பல மலைகளில் சறுக்க அனுமதிக்கும் எபிக் பாஸைச் சில ஆண்டுகளாக வாங்கி வருகிறோம். 2021இல் அதை விற்கும் வெய்ல் ரிசார்ட்ஸ் நிறுவனம் விலையை 20 சதவீதம் குறைத்து, பெரியவருக்கான பாஸை 783 டாலருக்குக் கொடுத்தபோது அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 2025-26 பருவத்துக்கு அதே பாஸின் தொடக்க விலை 1,051 டாலர். போட்டி நிறுவனத்தின் ஐகான் பாஸ் 1,329 டாலர். பிள்ளைகளுக்குப் பாதி விலைதான் என்றாலும், குடும்பத்துக்கு மொத்தமாகப் பார்த்தால் மூவாயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது. மே மாத இறுதியில் வரும் மெமோரியல் டே விடுமுறைக்குப் பிறகு இந்த விலையும் ஏறிவிடும் என்பதால் ஒவ்வொரு மே மாதமும் இதே அவசரம்தான்.

விலையைவிட என்னை அதிகமாக வருத்துவது, கொடுக்கும் பணத்துக்குக் கிடைப்பது குறைந்துவருகிறதோ என்ற எண்ணம். கடந்த டிசம்பரில் நாங்கள் போன ஒரு மையத்தில் சரிவுகளில் பெரும்பகுதி திறக்கப்படவே இல்லை. மலைமேல் ஏற்றிச்செல்லும் லிஃப்டுகளில் திறந்திருந்த ஒரே பெரிய லிஃப்டின் முன்னால் வரிசை வளைந்து வளைந்து நின்றது. இத்தனைக்கும் ஒரு நாளுக்கு மட்டும் வாங்கும் டிக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டு, நான்கே நாளில் பாஸுக்குக் கொடுத்த பணம் மீண்டுவிடும் என்று விளம்பரம் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பி வாங்கலாமா? குடும்பமாகச் சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலும் மட்டுமே போக முடிகிற எங்களைப் போன்றவர்களுக்கு எது பொருந்தும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – கணக்கன்

நண்பரே, உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த நான்கு நாள் கணக்கில் எண்கள் பொய்யல்ல. ஒப்பிடும் பொருள்தான் தவறு.

எபிக் பாஸ் முதலில் வந்தது 2008இல். அன்று விலை 579 டாலர். அதே பருவத்தில் வெய்ல் மலையில் கவுன்ட்டரில் வாங்கும் நாள் டிக்கெட் ஏறத்தாழ நூறு டாலர். 2025-26 பருவத்துக்குப் பாஸ் 1,051 டாலர், அதாவது இரண்டு மடங்குக்கும் சற்றுக் குறைவு. நாள் டிக்கெட்டோ 2024-25இல் உச்ச நாட்களில் 329 டாலர் வரை போனது. மூன்று மடங்குக்கும் மேல். அன்று பாஸ் விலையை மீட்க ஆறு நாள் போக வேண்டும், இன்று நான்கு நாள் போதும் என்றால், பாஸ் மலிவாகிவிட்டது என்று பொருள் அல்ல. கவுன்ட்டர் விலையை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோய், அதன் நிழலில் பாஸை மலிவாகத் தோன்றச் செய்திருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் மலைகளுக்கு வரும் வருகையில் ஏறத்தாழ முக்கால் பங்கு பருவம் தொடங்கும் முன்பே விற்றுவிடுகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். கவுன்ட்டரில் அந்த விலை கொடுப்பவர் சிறுபான்மைதான். ஆகவே மிச்சமாகும் பணத்தை அந்த விலையை வைத்துக் கணக்கிடுவதில் அர்த்தமில்லை.

நீங்கள் ஒப்பிட வேண்டியது எபிக் டே பாஸோடு. ஒன்று முதல் ஏழு நாள் வரை எத்தனை நாள் வேண்டுமோ அத்தனையை முன்கூட்டியே வாங்கலாம், அவை அடுத்தடுத்த நாட்களாக இருக்கத் தேவையில்லை. ஒரு நாளுக்கு ஆகும் செலவு உச்ச நாள் கவுன்ட்டர் விலையில் பாதிக்கும் குறைவு. வெய்ல், பீவர் க்ரீக், விஸ்லர் ஆகிய மலைகள் வேண்டாம் என்று விட்டுவிட்டால் இன்னும் குறையும். இப்படி ஒப்பிட்டால் முழுப் பாஸ் லாபமாவதற்கு நான்கு நாள் போதாது, ஏழெட்டு நாளாவது போக வேண்டியிருக்கும். அத்தனை நாள் போகிறீர்களா என்பதை ஆசையைக் கேட்டு முடிவு செய்யாமல், சென்ற இரண்டு குளிர்காலங்களின் நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கைபேசிச் செயலியிலேயே சென்ற நாட்களின் பதிவு இருக்கும்.

இடையில் எபிக் லோக்கல் பாஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் வெய்ல், பீவர் க்ரீக், விஸ்லர் மூன்றுக்கும் சேர்த்துப் பத்து நாள்தான், விடுமுறை உச்ச நாட்களில் தடையும் உண்டு. உங்களுக்கு விடுமுறையில்தான் போக முடியும் என்பதால் அந்தத் தடை நாட்களின் பட்டியலைப் பள்ளி நாட்காட்டியோடு வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

மறுமொழி – வடக்குச்சரிவு

மேலே சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது டாலரை மட்டும் பார்க்கிறது. பாஸ் என்ற ஏற்பாடு யார் தலையில் எந்தச் சுமையை வைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முன்பு பனி பொய்த்தால் நட்டம் மலைக்காரருக்கு. மக்கள் வரமாட்டார்கள், டிக்கெட் விற்காது, அந்த ஆண்டு அவர் திண்டாடுவார். இப்போது மே மாதத்திலேயே பணம் வாங்கிவிடுவதால், பனி வந்தாலும் வராவிட்டாலும் வருமானம் கையில் இருக்கிறது. நட்டத்தை ஏற்பவர் நாம். எபிக் பாஸோடு சேர்ந்து வரும் காப்பீடு காயம், வேலையிழப்பு, குறிப்பிட்ட சில மூடல்கள் போன்றவற்றுக்கு உதவுமே தவிர, பனி குறைவாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காகப் பணம் திரும்பாது. நிறுவனத்துக்கு நிலையான வருமானம் வேண்டும் என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. செயற்கைப் பனி இயந்திரங்களுக்கும் புதிய லிஃப்டுகளுக்கும் பணம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த நிலைத்தன்மையை நாம் வாங்கிக் கொடுக்கும்போது, பதிலுக்கு மலை முழுமையாகத் திறந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது உரிமை.

2024 டிசம்பர் 27 முதல் 2025 ஜனவரி 8 வரை, வெய்ல் நிறுவனம் யூட்டா மாநிலத்தில் நடத்தும் பார்க் சிட்டி மலையில் பனிச்சறுக்குக் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொடக்க ஊதியமான மணிக்கு 21 டாலரை 23 ஆக்கக் கேட்டார்கள். ஆண்டின் மிகப் பரபரப்பான வாரத்தில் மலையின் பெரும்பகுதி மூடியே கிடந்தது. சரிவைப் பரிசோதித்து, பனிச்சரிவு அபாயம் இல்லை என்று உறுதி செய்து திறந்துவிடும் மனிதர்கள் இல்லாமல் எத்தனை லிஃப்ட் இருந்தும் பயனில்லை. பாஸ் விலை ஆண்டுதோறும் ஏறும்போது அதில் ஒரு பங்கு அவர்களிடம் போகிறதா என்று கேட்க நமக்கு எல்லாக் காரணமும் உண்டு.

கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரப்பஹோ பேசின் மலை தொடக்கத்திலிருந்தே எபிக் பாஸில் இருந்தது. கார் நிறுத்த இடம் போதவில்லை, வந்தவர்களுக்கு நல்ல அனுபவம் கொடுக்க முடியவில்லை என்று 2019இல் தானாகவே விலகிக்கொண்டது. ஒரு மலையே வாடிக்கையாளர் குறைந்தால் போதும் என்று முடிவெடுத்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். (அதே மலையை 2024இல் ஐகான் பாஸை நடத்தும் ஆல்டெரா வாங்கிவிட்டது.)

இவ்வளவு சொன்ன பிறகும் நான் பாஸ் வைத்திருக்கிறேன், காரணம் இதுதான். நாள் டிக்கெட் வாங்கினால், கொடுத்த காசுக்குக் காலை முதல் மாலை வரை சறுக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடுகிறது. பாஸ் இருந்தால் வெள்ளி மதியம் வேலை சீக்கிரம் முடிந்தவுடன் போய், இடது பாக்கெட்டில் உள்ள அட்டையை நுழைவாயில் தானாகப் படித்துத் திறக்க, நான்கைந்து தடவை இறங்கிவிட்டு, கால் சோர்ந்ததும் வீடு திரும்பலாம். காற்று பலமாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம், மனம் உறுத்தாது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தச் சுதந்திரம் பெரிது. சனிக்கிழமை மட்டும்தான் போக முடியும், டென்வரிலிருந்து மலைகளுக்குப் போகும் ஐ-70 சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு முன்னால் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கோ இந்தச் சுதந்திரத்தால் பெரிய பயன் இல்லை.

மறுமொழி – சிறுமலை

ஐயா, பேச்சு இரண்டு பெரிய பாஸ்களைச் சுற்றியே போகிறது. உங்கள் வீட்டிலிருந்து அதே சாலையில், அந்தச் சுரங்கத்துக்குள் நுழைவதற்கு முன்பே லவ்லேண்ட் மலை இருக்கிறது. அது எந்தப் பெரிய நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. பருவத்துக்கு முன் நான்கு டிக்கெட்டுகளைச் சேர்த்து மலிவாக விற்பார்கள். பெரிய விடுதிகளும் கடைத்தெருவும் அங்கே இல்லை. மலை உயரம், அதனால் பனி நன்றாக நிற்கும், காற்றும் பலமாக அடிக்கும். பிள்ளைகள் சறுக்கப் பழகுவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்டி பாஸையும் பாருங்கள். 2019இல் 199 டாலருக்குத் தொடங்கியது, அதில் சேர்ந்திருக்கும், பெரிய நிறுவனங்களைச் சாராத ஒவ்வொரு மலையிலும் இரண்டு நாள். விலை இப்போது கூடியிருந்தாலும் பெரிய பாஸ்களின் அருகில்கூட வரவில்லை. ஒரே மலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களுக்கு அது ஒத்துவராது, ஊர் ஊராகக் காரில் சுற்ற விரும்புகிறவர்களுக்கு ஒத்துவரும்.

இன்னொன்று, உங்கள் மகனுக்குப் பாஸே வாங்க வேண்டாம். கொலராடோவில் மழலையர் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு எபிக் ஸ்கூல்கிட்ஸ் என்ற திட்டத்தில் வெய்ல், பீவர் க்ரீக், ப்ரெக்கென்ரிட்ஜ், கீஸ்டோன் மலைகளில் சில நாட்கள் இலவசம். குளிர்காலத்துக்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்; பலரும் அந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள். மகள் ஆறாம் வகுப்புக்குப் போவதால் அவளுக்கு இது கிடைக்காது.

மறுமொழி – மலையடிவாரம்

மூவருக்கும் மிக்க நன்றி. செயலியில் பழைய பதிவைப் பார்த்தேன். மனைவியும் மகளும் போன நாட்கள் நினைத்ததைவிட மிகக் குறைவு, நான் மட்டும் வார நாட்களிலும் அடிக்கடி போயிருக்கிறேன். ஆகவே எனக்கு மட்டும் எபிக் லோக்கல், அவர்கள் இருவருக்கும் சில நாள் டே பாஸ், மகனுக்கு ஸ்கூல்கிட்ஸ், இவற்றோடு லவ்லேண்ட் டிக்கெட்டுகள் என்று யோசித்திருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: டே பாஸையும் மே மாதத்திலேயே வாங்க வேண்டுமா, பனியைப் பார்த்துவிட்டு டிசம்பரில் வாங்கலாமா?

மறுமொழி – கணக்கன்

டே பாஸின் விலையும் முழுப் பாஸைப் போலவே படிப்படியாக ஏறும், டிசம்பர் தொடக்கத்தில் விற்பனை முடிந்துவிடும். அதற்குள் பெரும்பாலும் பருவத்தின் போக்கு தெரிந்திருக்காது. எனவே காத்திருப்பதில் பயன் குறைவு. இப்போது குறைந்த எண்ணிக்கையில், விடுமுறை நாட்களும் அடங்கிய வகையை வாங்குங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் நீங்கள் நால்வரும் ஒன்றாகப் போவதானால் உங்கள் லோக்கல் பாஸுக்கு அந்த நாட்களில் எந்த மலை திறந்திருக்கும் என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ப அவர்களுடைய வகையைத் தேர்ந்தெடுங்கள்.