கிரவுன்ஸ்டோனுக்கு ‘இலச்சினைக்கல்’: மேசன்–டிக்சன் எல்லைக் கற்கள்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இடையே ஐந்து மைலுக்கு ஒன்றாக நடப்பட்ட எல்லைக் கற்களான கிரவுன்ஸ்டோன்களுக்கு ‘முடிக்கல்’ என்னும் சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் அழகானது, ஆயினும் என்னால் அதை ஏற்க இயலவில்லை. முடி என்றதும் தமிழ் வாசகர் அரசனுடைய எல்லை என்றே கொள்வார். அந்தக் கற்களில் பொறிக்கப்பட்டவையோ, குடியேற்ற நிலங்களைத் தம் உடைமையாகவே பெற்றிருந்த இரண்டு குடும்பங்களின் சின்னங்கள்: வடபுறம் பென் குடும்பத்தினுடையது, தென்புறம் கால்வர்ட் குடும்பத்தினுடையது.

அரசர்கள் வழங்கிய பட்டயங்களே இவ்விரு குடும்பங்களின் எல்லைத் தகராறுக்குக் காரணம் என்பதையும் மறக்கக் கூடாது. 1632இல் கால்வர்ட்டுக்கும் 1681இல் பென்னுக்கும் அளிக்கப்பட்ட பட்டயங்கள் 40ஆம் அட்சக்கோட்டைச் சுற்றியே எல்லை பேசின. பென் தரப்பின் பிலடெல்பியா நகரமோ அக்கோட்டுக்குத் தெற்கே எழுந்துவிட்டது. 1730களில் எல்லையோரக் குடியேறிகள் ஆயுதங்களுடன் மோதினர். 1732இல் இரு குடும்பங்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மேரிலாந்துத் தரப்பு பின்னர் மறுத்தது. அதை நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று 1750இல் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றத்தில் ஹார்ட்விக் பிரபு தீர்ப்பளித்தார். பிலடெல்பியாவின் தென்முனையிலிருந்து 15 மைல் தெற்கே செல்லும் அட்சக்கோடே எல்லையாயிற்று. சார்லஸ் மேசனும் ஜெரமையா டிக்சனும் 1763 முதல் 1767 வரை விண்மீன்களை நோக்கி அளந்து அதைத் தரையில் குறித்தனர்.

பொறிப்பைக் கொண்டு கல்லுக்குப் பெயரிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிவன்கோயில் நிலங்களின் எல்லையில் சூலம் பொறித்து நட்ட கல்லைச் ‘சூலக்கல்’ என்கிறோம். அவ்வழியில் ‘இலச்சினைக்கல்’ என்பதையே பரிந்துரைக்கிறேன்.

இடைப்பட்ட ஒவ்வொரு மைலிலும் ஒருபுறம் எம், மறுபுறம் பி என்னும் எழுத்துகளுடன் நிற்பவற்றை ‘எல்லை மைல்கல்’ எனலாம். வெறும் ‘மைல்கல்’ சாலையைத்தான் நினைவூட்டும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இக்கற்களை மலைப்பகுதிக்கு அப்பால் வண்டியில் கொண்டுசெல்ல முடியாததால், மேற்கே மண்ணும் கல்லும் குவித்தே எல்லை காட்டினர். 1767 அக்டோபரில், டன்கார்ட் ஓடையருகே குறுக்கிட்ட, பூர்வகுடிகள் போருக்குச் செல்லும் பாதையைத் தாண்டி வர உடன்வந்த பூர்வகுடி வழிகாட்டிகள் மறுத்ததால் பணி நின்றது. அதுவரையுள்ள அக்குவியல்களுக்கு ‘எல்லைத்திட்டு’ பொருந்தும். இம்மூன்றையும் ஒரே தொகுதியாகப் பதிவு செய்யலாம் என்பது என் கருத்து. நம் மலைப்பகுதிகளில் ‘திட்டு’ வேறு பொருளில் வழங்குமானால், அவ்வழக்கை அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.