‘ஸ்லாங்’ ஆல்பத்துக்காக வேலூரில் வாதாடிய கதை

டெஃப் லெப்பர்ட் ராக் குழுவைப் பிடிக்கும் என்று சொல்கிற யாரிடமாவது ‘ஸ்லாங்’ என்று ஒரு வார்த்தை விட்டுப் பாருங்கள். முகம் மாறிவிடும். “அதுவா, அது அவங்க ஆல்பம் மாதிரியே இருக்காதே” என்பார்கள். 1996 மே மாதம் வந்த ஆல்பம் அது. இங்கே கலைஞர் நான்காவது முறையாக முதல்வரான அதே மே மாதம், ஊரெல்லாம் சுவரில் சைக்கிள் சின்னம் காயாமல் இருந்த நேரம். அன்றிலிருந்து காட்பாடி பிளாட்பாரம், கல்யாண மண்டப வாசல் என்று கண்ட இடத்திலும் இதற்காக வாதாடியிருக்கிறேன். பெரும்பாலும் தோற்றிருக்கிறேன். கட்சி மட்டும் மாறவில்லை. அந்தக் குழு போட்டதிலேயே ஆட்கள் உட்கார்ந்து வாசிப்பது காதில் விழுகிற ஆல்பம் இதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்கிய குழு. அரீனா ராக் என்றால் மைதானம் நிறையக் கூட்டம், கோரஸ் வந்ததும் எல்லாரும் சேர்ந்து கத்த வேண்டும். இவர்கள் அதற்கென்றே பிறந்தவர்கள். தயாரிப்பாளர் மட் லாங்கோடு சேர்ந்து 1983-இல் ‘பைரோமேனியா’, 1987-இல் ‘ஹிஸ்டீரியா’. இந்த இரண்டாவதில் கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்து, டிரம் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் கோத்து, பின்குரல்களைப் பத்து மடங்காக்கி, கண்ணாடி மாதிரி வழவழப்பாக ஒரு சத்தம் பண்ணியிருப்பார்கள். உலகமே வாங்கியது. நானும்தான்.

வாங்கியது என்றால் கடையில் பதிந்து வாங்கியது. லாங் பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடை. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டில் பதிந்து, ஸ்கெட்ச் பேனாவில் பேர் எழுதித் தருவார். ‘ஹிஸ்டீரியா’ 62 நிமிடத்துக்கு மேல் ஓடும், அறுபதில் அடங்காது. முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டு பாதியில் பட்டென்று நின்றுவிடும். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்பது எங்கள் செட்டில் யாருக்குமே ரொம்ப நாள் தெரியாது.

‘ஸ்லாங்’ பதியப் போனபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத்த எவனும் கேக்கறதில்ல தம்பி. பழைய கேசட்டு தேஞ்சி பூட்ச்சின்னா அத்தையே இன்னொருதபா பதிஞ்சி தரட்டா?” என்றார். பிடிவாதமாக வாங்கினேன். இது ஐம்பது நிமிடம்கூட வராது. மிச்ச டேப்பை வீணாக்க அவருக்கு மனசில்லை. அந்த வருஷத்து ரகுமான் பாட்டு இரண்டைக் கடைசியில் ஒட்டிக் கொடுத்துவிட்டார். ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘பேர்ல் ஆஃப் யுஃபோரியா’, கனமாக, இருட்டாக, மெல்ல நகர்ந்து அடங்கும். எங்கள் வீட்டில் அது அடங்கிய கையோடு ரகுமான் துள்ளிக்கொண்டு வருவார். இன்றைக்கும் அந்தப் பாட்டு முடிந்ததும் என் காது அவரை எதிர்பார்க்கிறது.

வீட்டில் முதல் எதிர்ப்பு அம்மாவிடமிருந்து. இரண்டாவது பாட்டு ‘டர்ன் டு டஸ்ட்’ ஓடியது. அதில் சாரங்கி வரும், நம்ம ஊர் மேளம் மாதிரி தாளமும் உள்ளே கலந்திருக்கும். அம்மா அடுப்படியிலிருந்து பதறிப்போய் வந்து, “யாருடா போய்ட்டாங்க?” என்று கேட்டார். கேட்காமல் என்ன செய்வார்? தலைவர்கள் இறந்தால் ரேடியோவில் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்த வாத்தியம் அதுதானே. இந்திரா, ராஜீவ் என்று அந்தத் தலைமுறைக்குச் சாரங்கி என்றாலே சாவுச் செய்திதான். ஆனால் பாட்டுக்கு அது பொருந்தியிருந்தது. மண்ணாய்ப் போவதைப் பற்றிய பாட்டுக்கு ஷெஃபீல்டுக்காரர்கள் சரியான வாத்தியத்தைத்தான் பிடித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு இதை விளக்க முயலவில்லை. சத்தத்தைக் குறைத்தேன்.

வாதம் என்று வந்தால் எல்லாரும் முதலில் எடுப்பது சியாட்டில் குற்றச்சாட்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த ஊரிலிருந்து கிளம்பிய, பளபளப்பில்லாத கரடுமுரடான ராக்தான் கிரஞ்ச். அந்தக் காற்று அடித்ததும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள் என்பார்கள். காற்று பார்த்துத் தூற்றுகிறவன் 1992-இலேயே தூற்றியிருப்பான். அந்த வருஷம் இவர்கள் பழைய பாணியிலேயே ‘அட்ரினலைஸ்’ போட்டு அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம் பிடித்தார்கள். கிரஞ்சின் முகமாக இருந்த ‘நிர்வாணா’ பாடகர் கர்ட் கோபேன் 1994 ஏப்ரலில் இறந்தும் போனார். 1996-இல் கிரஞ்ச் பக்கம் சாய்வதில் என்ன லாபம்? ‘ஸ்லாங்’ அமெரிக்காவில் 14-ஆம் இடத்தோடு நின்றது. என் கணக்கில் அவர்கள் செய்தது வேறு: மட் லாங் இல்லாமல், ஸ்பெயினில் ஒரு வீட்டில் கூடி உட்கார்ந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். கழற்றினால் உள்ளே என்ன இருக்கும்? கைகால்கள் இருக்கும்.

இங்கேதான் ரிக் ஆலனைச் சொல்ல வேண்டும். 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடது கை போன டிரம்மர். இடது கை செய்ய வேண்டியதை இடது காலுக்கு மாற்றி, பெடல்களை வைத்து மறுபடி வாசிக்கக் கற்றுக்கொண்டு, 1986-இல் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் விழா மேடை ஏறியவர். ‘ஹிஸ்டீரியா’வில் அந்தச் சாதனை மெஷினுக்குள் ஒளிந்துகிடந்தது. ‘ஸ்லாங்’கில் நிஜ டிரம்மின் தோல் சத்தம் திரும்பி வருகிறது. லூப்புகளும், அதாவது பதிந்த தாளத் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும், ஆங்காங்கே உண்டு, மறுக்கவில்லை.

இதை எனக்கு உறுதிப்படுத்தியவர் ஆங்கிலப் பாட்டே கேட்காத ஒருவர். பேண்டு செட்டில் சைடு டிரம் வாசிப்பவர். பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பழக்கம். கல்யாணம், சாவு, சாமி ஊர்வலம் எல்லாம் போவார். ஒருநாள் வாக்மேனை அவர் காதில் மாட்டி முதலில் ‘ஹிஸ்டீரியா’ போட்டேன். “மெஷினு” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அப்புறம் ‘கிஃப்ட் ஆஃப் ஃபிளெஷ்’. டீ ஆறிப்போகிற வரை பேச்சில்லை. “இது ஆளு. ஒவ்வொரு அடியும் ஒவ்வொரு மாரி உய்து பாரு” என்றார். ஒற்றைக் கைக்காரர் என்று சொன்னதும் டேப்பைப் பின்னால் ஓட்டச் சொல்லி மறுபடி கேட்டார். கேட்கும்போது செருப்பை உதறிவிட்டு இடது காலைத் தரையில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரோல் எடுக்க முடியாதுல்ல அவனால. எடுக்காமயே எப்பிடி தாண்டறான் பாரு.” ரோல் என்றால் இரண்டு குச்சியும் மாறி மாறி விடாமல் உருட்டி அடிப்பது. எத்தனையோ ராக் விமர்சனம் படித்திருக்கிறேன், இந்த ஆல்பத்தைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

இன்னொருவர் சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற அண்ணன். காந்தி நகரில் பையன்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிளார்க்கின் பக்தர். 1991 ஜனவரியில் ஸ்டீவ் இறந்ததோடு குழுவும் போய்விட்டது என்பது அவர் கட்சி. அடுத்த வருஷம் அவர் இடத்துக்கு வந்த விவியன் கேம்ப்பெல்லை விருந்தாளி என்றுதான் சொல்வார். “ஸ்டீவ் இல்லாத குறை தெரியுதுடா இதுல” என்றார். தெரிய வேண்டும் அண்ணே, அதுதானே சரி என்றேன். ‘அட்ரினலைஸ்’ அந்தக் குறையைப் பூசி மெழுகியது, ‘ஸ்லாங்’ பூசவில்லை. விவியன் எழுதிய ‘வொர்க் இட் அவுட்’ போட்டேன், அசையவில்லை. ஆனால் ‘ப்ரீத் அ சை’ வந்தபோது தலையைச் சாய்த்தார். ராக்கே இல்லாத, மெதுவான, குரல் மேல் குரல் ஏறுகிற பாட்டு. பாட்டுக்குழுவில் வருஷக்கணக்கில் நின்ற காது, குரல் ஒன்றோடு ஒன்று சேர்கிற இடம் தப்பாமல் பிடித்துவிட்டது. “இத மட்டும் பதிஞ்சி குடு” என்றார். பாதி வெற்றி.

மூன்றாவதாக வருகிற டைட்டில் பாட்டை மட்டும் நான் தாங்கிப் பேச மாட்டேன். இளவட்டம் மாதிரி நடிக்கிற பாட்டு. அதைப் போய் முதல் சிங்கிளாக வெளியிட்டார்கள். பாதிப் பேர் அதைக் கேட்டே ஆல்பத்தை ஒதுக்கியிருப்பார்கள். மிச்சக் கெடுதலைச் செய்தது விநியோகம். ரெக்கார்டு கம்பெனியோடு இருந்த தகராறில் இவர்களுடைய பழைய ஆல்பங்கள் 2018 ஜனவரி வரை ஸ்ட்ரீமிங்கிலேயே வரவில்லை. காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்க வருகிற பிள்ளைகள் ஃபெஸ்டில் ராக் குழுக்களைக் கேட்டு வளர்கிறார்கள், ஆனால் ‘ஸ்லாங்’ பேரே தெரியாது. போன வருஷம் பெங்களூர் ரயிலில் ஒரு பையன் லெப்பர்ட் டீஷர்ட் போட்டிருந்தான். ‘ஸ்லாங்’ போட்டு, மூன்றாவது பாட்டைத் தாண்டிவிட்டுக் கேள் என்று சொன்னேன். ஜோலார்பேட்டை தாண்டியும் இயர்போனைக் கழற்றவில்லை. குப்பம் வந்தபோது, “அங்கிள், இது யாரு டிரம்ஸ்?” என்றான்.

* * *

ராணிப்பேட்டையிலிருந்து நான் எழுதுகிறேன், மேலே எழுதிய அண்ணனுக்கு.

எங்கள் மாமா தோல் ஏற்றுமதியில் இருந்தார். இத்தாலி போய் வரும்போது எனக்கு வாங்கி வந்த சிடி இதே ‘ஸ்லாங்’தான். அவருக்குக் குழுவின் பேர் மட்டும்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். நான் ‘ஹிஸ்டீரியா’ வரும் என்று காத்திருந்தேன், பையைப் பிரித்ததும் அழாத குறை.

டிரம் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பாடகர் ஜோ எலியட்டை விட்டுவிட்டீர்களே? அந்த ஆள் தொண்டை கிழியக் கத்தத்தான் அரீனா கட்டியது. ‘ஸ்லாங்’கில் பாதி நேரம் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் பாடுகிறார். அதற்குத்தான் 1999-இல் ‘யூஃபோரியா’ போட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தார்கள். நான் அந்தக் கட்சி.

இருந்தாலும் சிடியை விற்கவில்லை. ‘வேர் டஸ் லவ் கோ வென் இட் டைஸ்’ என்று பத்தாவதாக ஒரு பாட்டு இருக்கிறதே, நீங்கள் பேச்சே எடுக்காதது, அது ஒன்றுக்காக வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எழுதுங்கள், அப்புறம் சண்டையைத் தொடரலாம்.