காலையில் ஒரே ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டு நாளைத் தொடங்கியதுண்டா? நடந்ததைச் சொல்லுங்கள்

குறுக்கே பேசுகிறவன்:

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நானே முடித்துவைப்பேன். பாதி நேரம் தவறாக முடிப்பேன். ஒரு நாள் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, ‘இன்று ஒரு நாள், யாராக இருந்தாலும் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்’ என்று தோன்றியது. பெரிய தீர்மானமெல்லாம் இல்லை. அன்றைக்கு மட்டும் ஒரு நினைப்பு.

அலுவலகக் கூட்டத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் மீறிய மறுகணமே மீறியது எனக்குத் தெரிந்தது. அதுவே எனக்குப் புதிது. மதியத்துக்குள் ஏழு முறை குறுக்கிட்டிருந்தேன். எண்ணாத நாள்களில் எத்தனை இருந்திருக்குமோ!

சொல்ல வந்தது மாலையில் நடந்ததை. அப்பாவுடன் தினமும் தொலைபேசியில் பேசுவேன். நான்கு நிமிடப் பேச்சு. தூங்கினீர்களா, மாத்திரை போட்டீர்களா, சரி, வைக்கிறேன். அன்று அவர் “ம், அப்புறம்...” என்று இழுத்தார். வழக்கமாக அந்த இழுப்புக்குள் நான் “சரிப்பா, நாளைக்குப் பேசுகிறேன்” என்று புகுந்துவிடுவேன். அன்று காத்திருந்தேன். ஐந்தாறு நொடிதான் இருக்கும். தொலைபேசியில் அது நெடுநேரம். பிறகு சொன்னார்: “இடது கண்ணில் இரண்டு வாரமாக மங்கலாகத் தெரிகிறதடா. உன்னிடம் சொன்னால் பயப்படுவாய் என்று இருந்துவிட்டேன்.”

அந்த “அப்புறம்” அன்றைக்குத்தான் முதல்முறையாக வந்ததா, இரண்டு வாரமாகத் தினமும் வந்துகொண்டிருந்ததா? இதை அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

மாடிப்படி:

உங்களுடையது நெகிழ்ச்சியான கதை. என்னுடையது வெறும் செருப்புக் கதை.

‘தினமும் நடக்க வேண்டும்’ என்று நான்கு ஆண்டுகள் நினைத்தேன், நடக்கவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் உட்காருவேன். அத்தோடு அன்றைய கதை முடிந்தது. எனக்கு எதிரி சோம்பல் அல்ல, அந்த நாற்காலி என்று தாமதமாகத்தான் புரிந்தது. எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்: ‘கதவைத் திறந்து உள்ளே வந்ததும், உட்காராமல், பையை வைத்துவிட்டு நடைக்கான காலணியை மாட்டுவேன்.’ நடப்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ஆனால் காலணி மாட்டியவன் வீட்டுக்குள் நின்று என்ன செய்வான்?

இதைப் பின்னர் படித்துத் தெரிந்துகொண்டேன். ‘இன்ன நேரம் வந்தால் இன்னதைச் செய்வேன்’ என்று கட்டிவைக்கும் முறையைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். 2002-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில் 248 மாணவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். சும்மா விட்ட குழுவில் 38 விழுக்காட்டினர் அடுத்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். இதயநோய் பற்றிப் படிக்கவைத்து ஊக்கமூட்டிய குழுவில் 35. அதே ஊக்கத்தோடு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்றும் எழுதிக்கொடுத்தவர்களில் 91. ஊக்கம் மட்டும் பெற்றவர்கள் சும்மா இருந்தவர்களைவிட ஒரு துளியும் கூடுதலாகச் செய்யவில்லை என்பதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன்.

ஒரு எச்சரிக்கை. ஐந்து மாதம் ஒழுங்காக ஓடிய இந்தப் பழக்கம் வீடு மாறியதும் ஒரே வாரத்தில் செத்துப்போனது. புது வீட்டில் செருப்பு வைக்கும் இடம் பின்பக்கம். கதவைத் திறந்ததும் கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. எண்ணம் என் மனத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது வாசலில் இருந்திருக்கிறது. இருபத்தொரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்ததில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுவாக 66 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள்வரை மாறியது. நான் 254 வகை.

சந்தேகப் பேர்வழி:

கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னியுங்கள்.

‘நீ நினைத்தால் உலகமே வழிவிடும்’ என்ற பேச்சு எனக்கு ஒவ்வாது. ஒரு சொல்லைப் புதிதாகக் கற்றுக்கொண்டால் அது எங்கு பார்த்தாலும் தென்படும்; சொல் பெருகிவிடவில்லை, கண் திறந்திருக்கிறது. மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2005-இல் இந்த மயக்கத்துக்கு ஒரு பெயரே வைத்தார். முதலில் எழுதிய நண்பர் அந்த மயக்கத்தில் விழவில்லை என்பதால்தான் அவர் எழுதியது எனக்குப் பிடித்தது.

என் கதை வேறு மாதிரி. வேலை போயிருந்த காலம். நலம்விரும்பி ஒருவர், தினமும் காலையில் கண்ணை மூடிப் புது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் நினைத்துக்கொள்ளச் சொன்னார். நினைத்தேன். சன்னலோர மேசை, அடையாள அட்டை, எல்லாம் வந்தது. அரை மணி நேரம் மனம் குளிர்ந்து கிடக்கும். பிறகு எழுந்து விண்ணப்பம் எழுதப் பிடிக்காது. ஏற்கெனவே வேலை கிடைத்துவிட்டவனைப்போல் ஒரு நிறைவு! எட்டு வாரத்தில் நான் அனுப்பிய விண்ணப்பங்கள் மொத்தம் மூன்று.

கேப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் இதையே ஆராய்ந்திருப்பது எனக்கு அப்போது தெரியாது. படிப்பை முடித்து வேலை தேடியவர்களில் இனிய கற்பனைகளில் அதிகம் திளைத்தவர்களுக்கு, இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வேலை வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. ஆசைப்படாதே என்று அவர் சொல்லவில்லை. ஆசையின் பக்கத்திலேயே அதற்குக் குறுக்கே நிற்பது என்னவென்றும் பார்க்கச் சொல்கிறார்.

என் குறுக்கே நின்றது திறமைக்குறைவு அல்ல, வெட்கம். பழைய சக ஊழியர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தால் வழி பிறந்திருக்கும். ‘வேலை போய்விட்டது’ என்று வாயால் சொல்ல முடியாமல் அவர் எண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். கடைசியில் ஒரு தாளில் எழுதினேன்: ‘எண்ணைப் பார்த்து விரல் தயங்கினால், அந்தத் தயக்கத்தோடே அழுத்துவேன்.’ அழுத்தினேன். அவர் எடுக்கவில்லை. மறுநாள் அவரே கூப்பிட்டார். அவர் சொன்ன இடத்தில் வேலை கிடைக்கவில்லை, அவர் சொன்னவர் சொன்ன இடத்தில் கிடைத்தது. மேசை சன்னலோரம் இல்லை.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:

‘இன்று கோபப்பட மாட்டேன்.’ இதைவிட மோசமான எண்ணம் உலகத்தில் இல்லை. காலையிலிருந்து கோபத்தையே காவல் காத்துக்கொண்டிருப்பேன். மாலை ஐந்து மணிக்கு மகள் பையை வீசியதும் காவலுக்கு வைத்ததெல்லாம் மொத்தமாக வெளியே வரும். டேனியல் வெக்னர் 1987-இல் சிலரிடம் வெள்ளைக் கரடியை நினைக்கவே கூடாது என்று சொல்லி, நினைப்பு வந்தால் மணி அடிக்கச் சொன்னாராம். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. என் வீட்டு வெள்ளைக் கரடிக்குப் பதினான்கு வயது.

செய்யக் கூடாததை விட்டுவிட்டுச் செய்யக் கூடியதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். பை தரையில் விழும் சத்தம் கேட்டால், வேறெதற்கும் முன்னால் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவ்வளவுதான். பெயரைச் சொல்லிவிட்டுக் கத்துவது ஏனோ கடினமாக இருக்கிறது. முதல் நாள் அவள் நின்று, திரும்பி, “அம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்றாள். மூன்றாம் நாள், “அப்பா ஏதாவது சொன்னாரா?” என்றாள். இப்போது கேட்பதில்லை. பையை இன்னும் வீசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

பெட்டிக்குள் வயலின்:

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எண்ணத்தை ஊரெல்லாம் சொல்லாதீர்கள். வயலின் கற்கப்போகிறேன் என்று சொன்ன நாளில் கிடைத்த பாராட்டு, கற்றிருந்தால்கூடக் கிடைத்திருக்காது. அதிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. மாடிப்படி குறிப்பிட்ட அதே கோல்விட்சர் 2009-இல் சட்ட மாணவர்களிடமும் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறார்: எண்ணம் பிறர் காதில் விழுந்ததும் உழைப்பு குறைந்தது. என் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நலம்.

குறுக்கே பேசுகிறவன்:

எல்லாவற்றையும் படித்தேன். மாடிப்படி சொன்னதைப் பார்த்து என் எண்ணத்தையும் திருத்திக்கொண்டேன். நாள் முழுக்க என்பது என்னால் ஆகாது. ‘அப்பா “அப்புறம்” என்று சொன்னால், மனத்துக்குள் பத்து எண்ணுவேன்.’ இது மட்டும்தான்.

அப்பாவுக்குக் கண்புரை என்றார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேச்சு நான்கு நிமிடத்தில் நிற்பதில்லை. சில நாள் முப்பது நிமிடம் போகிறது. அதில் பெரும்பகுதி பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய புகார். இரகசியம் எதுவும் வருவதில்லை. உண்மையைச் சொன்னால் சில நாள் அலுப்பாகவும் இருக்கிறது.

நேற்று “அப்புறம்...” என்றார். நான் எண்ணத் தொடங்கினேன். ஆறு வரை வந்திருப்பேன்.

“ஏன்டா, இப்போதெல்லாம் நீ பேசுவதே இல்லை? என்மேல் ஏதாவது கோபமா?” என்றார்.