பாஸ்க் நாட்டில் இளவேனில்: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர், பில்பாவோ

பணி நிமித்தமாகப் பில்பாவோவுக்கு வந்தபின் நான் காணும் ஐந்தாவது இளவேனில் இது. கூகன்ஹைம் அருங்காட்சியகத்தையும் சான் செபஸ்தியான் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும் நம்மவர்கள், மார்ச் முதல் மே வரை இங்கே ஊர் ஊராக நடப்பவற்றைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடுகிறார்கள். அவற்றில் பலவற்றுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. சில ஊர்களில் அறிவிப்பு என்பதே ரொட்டிக்கடைக் கதவில் ஒட்டிய ஒரு தாள்தான். கேள்விப்பட்டதை விடுத்து, கண்டதையும் கலந்துகொண்டதையும் மட்டும் இங்கே பகிர வேண்டுகிறேன். முதலில் என்னுடையது.

2024 மார்ச் மாதத்தில் ஒரு வேலையாகக் கிபுஸ்கோவா மாகாணத்தின் உட்பகுதியில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தேன். இரவு மூன்றரை மணிக்கு வீட்டு உரிமையாளர் கதவைத் தட்டி, 'கொர்ரிகா வருகிறது, கீழே வாருங்கள்' என்றார். தீ விபத்தோ என்று பயந்து, கைக்குக் கிடைத்த அலுவலகக் காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தெருவில் மழைச் சட்டையோடு ஊரே நின்றுகொண்டிருந்தது. தோளில் தூங்கும் குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள்.

கொர்ரிகா என்பது பாஸ்க் மொழியான எவுஸ்கராவுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் தொடரோட்டம். பெரியவர்களுக்கு அம்மொழியைக் கற்பிக்கும் ஏஇகே என்ற அமைப்பு 1980-இல் இதைத் தொடங்கியது. பத்து நாள்களுக்கும் மேலாக, இரவு பகல் என்று பாராமல், ஸ்பெயினிலும் பிரான்சிலுமாகப் பிரிந்து கிடக்கும் பாஸ்க் மாகாணங்கள் ஏழையும் தொட்டு, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஒரு நொடியும் நில்லாமல் ஓடுகிறார்கள். 2024-இல் மார்ச் 14 அன்று இருனில் புறப்பட்டு 24 அன்று பயோனாவில் முடிந்தது. ஒவ்வொரு கிலோமீட்டரையும் யாராவது விலைக்கு வாங்குகிறார்கள்: ஒரு பள்ளியின் பெற்றோர், ஒரு மீன்கடை, மறைந்த தந்தையின் நினைவாக ஒரு குடும்பம். அந்தப் பணம் மொழி வகுப்புகளுக்குப் போகிறது. வாங்கியவர்கள் 'லெகுகோ' எனப்படும் மரக்கோலைப் பிடித்து முன்னே ஓட, மற்றவர்கள் பின்னே ஓடுவார்கள். எவுஸ்கராவில் லெகுகோ என்றால் சாட்சி. கோலுக்குள் ஒரு கடிதம் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முடிவிடத்தில் அதைத் திறந்து வாசிக்கும்வரை வெளியே தெரியாது.

முதலில் தொலைவில் பாட்டு கேட்டது, அடுத்து ஒலிபெருக்கி கட்டிய வண்டியின் விளக்கு தெரிந்தது, பிறகு வளைவைத் தாண்டிக் கூட்டம் வந்தது. ஓரமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு பாட்டி முழங்கையால் இடித்து உள்ளே தள்ளிவிட்டார். அந்தக் கிலோமீட்டரை வாங்கியிருந்த பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கோலைக் கைமாற்றிக்கொண்டே ஓடினார்கள். வெளியூர்க்காரன் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்க வேண்டும், ஒருவர் அதை என்னிடமும் நீட்டினார். நாற்பது அடி தூரம் வைத்திருந்திருப்பேன். பல கைகளின் வியர்வையும் மழையுமாகப் பிடி வழவழப்பாக இருந்தது. அந்த மொழியில் எனக்கு அப்போது தெரிந்தவை வணக்கமும் நன்றியும்தான். யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

காலணி பாழாகிவிட்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

*

மறுமொழி: போ நகரில் படித்தவர்

அண்ணா சொல்வது சரி, ஓரமாக நின்றுவிட்டு வந்துவிட முடியாது. நான் பிரான்ஸ் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பாஸ்க் மாகாணங்களில் கிழக்குக் கோடியில் மலைகளுக்கிடையே இருப்பது சுபெரோவா. மக்கள்தொகை மிகக் குறைவு. அங்கே சனவரியில் தொடங்கி இளவேனில்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் 'மஸ்கராடா' நடக்கும். ஆண்டுதோறும் ஓர் ஊரின் இளைஞர்கள் பொறுப்பெடுத்துக்கொண்டு, ஆட்டத்தையும் வசனத்தையும் பயின்று, ஞாயிறுதோறும் வேறொரு ஊருக்குப் போய் ஆடுவார்கள். நான் போன ஞாயிறு அந்தப் பள்ளத்தாக்குக்குப் பேருந்தே இல்லை என்பது மவுலேயில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஆட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு குடும்பம் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டது.

காலையில் ஊர் எல்லையில் ஒரு மேசையைக் குறுக்கே போட்டு, மதுப் புட்டிகளும் ரொட்டியும் இறைச்சித் துண்டுகளும் பரப்பி வழியை மறித்து வைத்திருந்தார்கள். இதற்குப் பெயரே தடையரண். வருகிற குழு அதன் முன்னால் ஆடிக் காட்டிவிட்டு, பந்தியில் கைவைத்து, அடுத்த தடையரணுக்கு நகரும். குழுவில் இரண்டு பிரிவு. சிவப்பர்கள் அழகாக உடுத்தி, அளந்து ஆடுபவர்கள்; கறுப்பர்கள் கந்தலும் கரியுமாக, ஊர்ப் பெரிய மனிதர் முதல் பாரிஸ் அரசு வரை எல்லோரையும் வாய்க்கு வந்தபடி ஏசுபவர்கள். அந்த ஏச்சு முழுக்கச் சுபெரோவா வட்டார வழக்கில்தான். எவுஸ்கரா ஓரளவு தெரிந்த என் தோழிக்கே பாதி புரியவில்லை.

எனக்கு மறக்காமல் நிற்பது பிற்பகல் ஆட்டம். சிவப்பர்களில் 'சமல்சைன்' என்றொரு பாத்திரம் உண்டு. இடுப்பைச் சுற்றிச் சரிகைத் துணி போர்த்திய மரச்சட்டம், முன்னால் சிறிய குதிரைத் தலை. நம் பொய்க்கால் குதிரை ஆட்டத்தில் காலுக்குக் கட்டும் கட்டையை நீக்கிவிட்டால் ஏறக்குறைய இதுதான் என்று தோன்றியது. இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. சதுக்கத்தின் நடுவில் மது நிரப்பிய ஒரு கண்ணாடிக் குவளையை வைத்தார்கள். சமல்சைன் உட்பட சிவப்பர்களில் முன்னணி ஆட்டக்காரர்கள் ஐவரும் ஒருவர்பின் ஒருவராக அதைச் சுற்றி ஆடிவந்து, ஒரு காலைக் குவளையின் விளிம்பில் ஊன்றி எழும்பித் தாண்ட வேண்டும். மற்றவர்களுக்காவது தங்கள் பாதம் தெரியும். சமல்சைனுக்குச் சட்டமும் துணியும் மறைப்பதால் குவளை கண்ணிலேயே படாது. ஆடியவனுக்கு இருபது வயதிருக்கலாம். இரண்டு முறை சுற்றிவந்தும் கால் வைக்காமல் விலகினான். மூன்றாவது சுற்றில் சிறு குழலும் நரம்புப் பறையும் தவிர வேறு ஓசையே இல்லை. எனக்கு முன்னால் நின்ற கிழவர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பையன் ஏறினான், ஒரு கணம் நின்றான், தாவினான். குவளை நின்றது. கொஞ்சம் சிந்தியிருந்தது, அவ்வளவுதான்.

*

மறுமொழி: விட்டோரியாவில் வசிப்பவர்

சுருக்கமாக ஒன்று. அலாவா மாகாணத்தின் காவல் புனிதர் சான் புருதென்சியோவின் விழா ஏப்ரல் 28. முந்தைய நாள் இரவு நகரின் மாகாணச் சதுக்கத்தில் எக்காளம் ஊதுவார்கள், பிறகு முரசு ஊர்வலம். மறுநாள் ஊரே அர்மென்தியா பேராலயத்துத் திடலுக்கு நடந்து போகும். விழாவின் சாப்பாடு நத்தையும் 'பெர்ரெச்சிக்கோ' என்னும் இளவேனில் காளானும். அந்த வாரம் காளான் விற்கும் விலையில் வேறு எதையும் வாங்கத் தோன்றாது. மழை பெய்யாத ஆண்டு ஒன்றைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை; குடையும் நத்தையும் சேர்ந்தே வருகின்றன.

*

மறுமொழி: திரியைப் படித்து வருபவர், பில்பாவோவில் முன்பு இருந்தவர்

இங்கே எல்லோரும் கொண்டாட்டங்களை எழுதியிருக்கிறீர்கள். நான் கண்டது கொண்டாட்டம் அன்று. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த இளவேனிலைப் பற்றிப் பேச முடியாது.

1937 ஏப்ரல் 26, திங்கட்கிழமை, கெர்னிகாவில் சந்தை நாள். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலம். மாலை நாலரை மணியளவில், குடியரசை எதிர்த்துப் போரிட்ட பிராங்கோவின் தரப்புக்காக வந்த செருமானியக் கொண்டோர் படையணியின் விமானங்களும் இத்தாலிய விமானங்களும் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகக் குண்டு வீசின. தீக்குண்டுகளால் ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனது. அன்றைய பாஸ்க் அரசு 1,654 பேர் இறந்ததாகக் கூறியது. பிற்கால ஆய்வாளர்கள் பலர் அதைவிட மிகக் குறைவான எண்ணிக்கையையே ஏற்கிறார்கள். எண்ணிக்கைச் சண்டையைவிட என்னை உறுத்தியது வேறொன்று. பின்வாங்கிய குடியரசுத் தரப்பினரே ஊருக்குத் தீ வைத்தார்கள் என்று பிராங்கோவின் ஆட்சி பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தது. வீட்டை இழந்தவர்களும் அதை மறுத்துப் பேச முடியாமல் அந்த ஊரிலேயே வாழ்ந்தார்கள்.

நான் 2023 ஏப்ரல் 26 அன்று அங்கே போயிருந்தேன். பிஸ்காயா மாகாணப் பேரவை மண்டபத்தின் பின்புறம் கருவாலி மரத்தைப் பார்த்தேன். அந்த மாகாணத்தின் பிரதிநிதிகள் தலைமுறை தலைமுறையாகக் கூடிய மரம் இது; நாட்டின் உரிமைகளைக் காப்பதாக ஆட்சியாளர் உறுதி கூறியதும் இதன் அடியில்தான். 1936 அக்டோபரில் முதல் பாஸ்க் அரசின் தலைவர் அகிர்ரே இங்கே நின்றுதான் பதவியேற்றார். குண்டுவீச்சில் மரம் தப்பியது. ஆனால் இப்போது நிற்பது அந்த மரமே அன்று. ஒன்று பட்டுப்போனால் அதே வழியில் வந்த கன்றை நடுகிறார்கள். இப்போதையது 2015-இல் நடப்பட்டது. மெலிந்த இளமரம். பக்கத்தில் எட்டுத் தூண்களுக்கு நடுவே பழைய அடிமரம் ஒன்று கல்லாகிப்போனதுபோல் நிற்கிறது. இவ்வளவு புகழுக்கு இவ்வளவு சின்ன மரமா என்று என்னோடு வந்தவர் ஏமாந்தார். எனக்கு நேர்மாறாக, அந்த இளமரம்தான் பிடித்தது.

பிறகு பிக்காசோவின் ஓவியத்தை ஓடுகளில் பதித்த சுவரருகே நின்றேன். மூல ஓவியம் மத்ரித்தில் இருக்கிறது. அதைக் கெர்னிகாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த நீளிருக்கையில் எண்பதைக் கடந்த ஓர் அம்மா காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார். என் தட்டுத்தடுமாறிய ஸ்பானிய மொழியில் வணக்கம் சொன்னேன். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டு, அவராகவே தொடங்கினார்: "என் அம்மா திங்கள்தோறும் சந்தைக்குப் பால் கொண்டுவருவாள். அன்றைக்கு வரவில்லை. பசு கன்று ஈன்றுகொண்டிருந்தது." மேலே ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் நினைவுநாள் சைரன் ஒலித்தது. தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். அந்த அம்மா பையின் காதுகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். ஒலி அடங்கியதும் பையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கன்றுக்குட்டி என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை. இன்றுவரை அது எனக்கு ஒரு குறைதான்.

*

மறுமொழி: சான் செபஸ்தியானில் சமையல் பயின்றவர்

மேலே எழுதியதைப் படித்தபின் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அதுவும் இந்தப் பருவத்தைச் சேர்ந்ததுதான். சனவரியில் திறந்து ஏப்ரல் வாக்கில் முடியும் ஆப்பிள்மதுப் பருவத்தில் அஸ்திகர்ராகா, எர்னானி பக்கத்து மதுக்கூடங்களுக்குப் போய்ப் பாருங்கள். பழைய முறைக் கூடங்களில் நாற்காலி கிடையாது, உயர்ந்த மேசையைச் சுற்றி நின்றபடியே சாப்பிட வேண்டும். உணவுப்பட்டியலும் கிடையாது, எல்லோருக்கும் ஒன்றே: உப்பிட்ட பண்ணா மீன் போட்ட முட்டை அடை, மிளகாயோடு பொரித்த அதே மீன், தணலில் சுட்ட மாட்டிறைச்சித் துண்டு, கடைசியில் இதியசபால் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் வால்நட்டும் சீமை மாதுளைப் பாகும். சைவக்காரர்கள் கடைசிக் கட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

திடீரென்று 'சோச்!' என்று ஒரு குரல் கேட்கும். கரண்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் ஆளுயரத்தைத் தாண்டிய பீப்பாயை நோக்கிப் போவார்கள். ஒரு சிறு துளையைத் திறந்துவிட, நூல்போல் மது பீச்சும். முதல் தடவை நான் குவளையை அடியில் நேராக நீட்டினேன். பின்னால் நின்ற மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துச் சாய்த்து, குவளையின் பக்கச் சுவரில் நூல் மோதி நுரைக்கும்படி வைத்தார். இரண்டு விரல் அளவுதான் பிடிக்க வேண்டும், உடனே குடித்துவிட வேண்டும், முந்தியவர் விலகும்போது அடுத்தவர் குவளை நூலை அறுக்காமல் உள்ளே நுழைய வேண்டும். தரையில் சிந்தவிடுவது ஆகாது. பதினாறாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்கு அட்லாண்டிக்கைக் கடந்து கனடாவின் லாப்ரடோர் கரைவரை போன பாஸ்க் மாலுமிகளுக்கும் கப்பலில் குடிபானம் இதுவே.

அன்றிரவு பக்கத்து மேசையில் ஒருவர் எழுந்து, என் தடுமாற்றத்தையே பொருளாக்கி நின்ற இடத்தில் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார். இதைப் 'பெர்ச்சோ' என்கிறார்கள். எதுகை தவறக்கூடாது, முடிவடி முன்கூட்டியே மனத்தில் இருக்க வேண்டும், மற்றதை அந்த முடிவை நோக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும். ஆசுகவி என்று நாம் ஏட்டில் படிப்பதை நான் காதால் கேட்டது அங்கேதான். நான்காண்டுக்கு ஒருமுறை இதற்குப் பெரும் போட்டி நடக்கிறது. 2022-இல் மையாலென் லுகான்பியோ வென்ற இறுதிச்சுற்றை ஒரு விளையாட்டரங்கம் நிறைய மக்கள் கேட்டார்கள். என்னைப் பற்றிய பாட்டின் பொருளை யாரும் முழுதாகச் சொல்ல மறுத்துவிட்டார்கள்.

*

திரியைத் தொடங்கியவர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. வேறு எதற்கெல்லாம் போகலாம் என்று தனிமடலில் இருவர் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று கொண்டாடும் தாய்நாட்டு நாள் 1932-இல் பில்பாவோவில் தொடங்கியது. அன்று கட்சிகள் தனித்தனியே கூட்டம் நடத்துவதால் அரசியலில் ஆர்வமுள்ளவர்களுக்கே அது பொருந்தும். அதே வாரத்தில் வருகிறவர்கள் பெரிய வெள்ளியன்று பல்மசேதாவுக்குப் போகலாம். ஊர்மக்களே கிறித்துவின் பாடுகளைத் தெருவில் நடித்துக் காட்டுகிறார்கள். குழந்தைகளோடு வருபவர்களுக்கு மே மாதத்தில் பிரான்ஸ் பக்கத்துச் செனபேரே ஏரியைச் சுற்றி நடக்கும் எர்ரி உர்ராட்ஸ் நல்லது: ஏரியை ஒரு சுற்று நடப்பது, வழியில் சாப்பிடுவது, அந்த வருமானம் எவுஸ்கரா வழிப் பள்ளிகளுக்குப் போவது, இவ்வளவுதான் நிகழ்ச்சி.

போவில் படித்த தங்கைக்கு ஒரு கேள்வி: இந்த ஆண்டு மஸ்கராடாவை எந்த ஊர் எடுத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு யாரைக் கேட்பது? அடுத்த கொர்ரிகாவுக்கு எங்கள் அலுவலகத்தில் நால்வர் சேர்ந்து ஒரு கிலோமீட்டர் வாங்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம். பகல் நேரக் கிலோமீட்டராகக் கேட்டுப் பார்க்கப் போகிறோம்.